சிவப்பு தெரியட்டும்

மே 18, ஞாயிறு

இரண்டாம் பூசைக்குப் பிறகு பங்குமனையில் மைக் செட் பற்றிக் கூட்டம். வந்திருந்தவர்கள்: பங்குச்சாமி பெனிட்டோ. பங்குப் பேரவைத் துணைத்தலைவர் ரெமிஜியூஸ் அண்ணாச்சி. அவர் மனைவி விக்டோரியா மைனி. பேரவையில் இல்லை, ஆனாலும் பேரவை கூடும்போது இல்லாமல் இருந்ததில்லை. அவர்கள் மகன் லிகோரி. மணியடித்துக் கோவில் வேலை பார்க்கும் கோவில்பிள்ளை இன்னாசி. எங்கள் வீட்டுக்காரர் கஸ்பார். நான், ஞானப்பூ, காப்பி கொண்டுபோனேன், குடித்து முடித்த பிறகும் யாரும் போகச் சொல்லாததால் இருந்தேன். மேசைமேல் ஆம்ப்ளிஃபயர். அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் எட்டு. எட்டில் வாய் திறக்காமல் இருந்தது ஆம்ப்ளிஃபயரும் லிகோரியும்.

ஆம்ப்ளிஃபயர் ஒரு காலத்தில் இத்தாலிச் சாமியார் ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது. இரும்புப் பெட்டி. முன்னால் கம்பி வலை, வலைக்குள் கண்ணாடிக் குழாய்கள். வால்வு என்பார்கள். சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. வால்வு சூடேறி உள்ளே சிவப்பு தெரிந்த பிறகுதான் பேசும். மணிக்கூண்டு அறையில் இருந்து ரெமிஜியூஸ் அண்ணாச்சி திருவிழா அறிவிப்பு செய்யும்போது கோபுரத்து ஒலிபெருக்கிக் குழாயும் கடற்கரைக் குழாயும் ஒன்றாக அலறும். தடித்த சுவருக்குள் நிற்பவருக்கு மட்டும் அது கடல் இரைச்சலோடு இரைச்சல். இப்போது அண்ணாச்சிக்கு முன்னால் பெட்டியே உறுமுகிறது. வால்வு போய்விட்டது, மாற்று வால்வு எங்கும் இல்லை.

"புதுசு வாங்கிருவோம் சாமி" என்றார் இன்னாசி.

"புதுசுல என்ன இருக்கு, வெறும் பிளாஸ்டிக்கு" என்றார் அண்ணாச்சி. "இந்தப் பெட்டியில நான் பேசினா மன்னார் வரைக்கும் கேக்கும்."

"அங்க இருந்து ஒருத்தரும் புகார் எழுதலையே, அதுவரைக்கும் சந்தோசம்" என்றார் சாமி.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் எழுந்தார். மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளில் இருந்து எதையாவது கழற்றத் தேடிக்கொண்டிருப்பவர். "பெட்டியில டிரான்ஸ்பார்மர் தங்கம் மாதிரி இருக்கு சாமி. அதத் தொட வேண்டாம். வால்வ மட்டும் எறக்கிட்டு அந்த எடத்துல டிரான்சிஸ்டர ஏத்திருதேன். வெளிய பாத்தா வித்தியாசமே தெரியாது."

"உள்ள?"

"உள்ள, ஜமீன்தார அனுப்பிட்டுக் கணக்கப்பிள்ளைய உக்கார வச்ச மாதிரி. ஆடம்பரம் இருக்காது, வேல நடக்கும்."

சாமி சம்மதித்தார். ரெமிஜியூஸ் அண்ணாச்சி அந்த நேரம் செல்போனில் யாரையோ பந்தலுக்காக ஏசிக்கொண்டிருந்தார். அவர் பேசும் நேரத்தில் மற்றவர் பேசியது அவருக்கு எப்போதும் தெரியாது. இவரும் அவரும் சின்ன வயதில் இருந்து சிநேகிதர்கள். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் எங்கள் மகள் ஜெனோவாவை லிகோரிக்குப் பேசி முடித்திருக்கிறது.

இன்று செபமாலை இரண்டு. காப்பித்தூள் தீர்ந்தது.

மே 20, செவ்வாய்

ஜெனோவா இரவு வேலை முடித்துக் காலையில் வந்தாள். ஆம்புலன்ஸில் முதலுதவி பார்க்கிற வேலை. நேற்றிரவு முழுதும் ஒரு பிரசவம், ஒரு பாம்புக்கடி, ஒரு குடிகாரன். குடிகாரன் வண்டியில் ஏறியதும் இவளை "சிஸ்டர், நான் யார் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறான். "தெரியாது, பேரச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்" என்றாளாம். அவனுக்குப் பெயர் மறந்துவிட்டதாம்.

மத்தியானம் விக்டோரியா மைனி வந்தார்கள். கையில் பனங்கற்கண்டு. கல்யாணம் திருவிழா முடிந்த புதன்கிழமை, ஜூலை இரண்டு. நிச்சயத்தன்று பங்குச்சாமி முன்னால் அண்ணாச்சி, "எங்க மருமவ ஆம்புலன்ஸ்ல போறது எங்களுக்குப் பெருமைதான் சாமி, ஒரு நாளும் நிறுத்த மாட்டோம்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். ஜெனோவா அதைக் கேட்ட பிறகுதான் தலையை ஆட்டினாள். மைனி இன்று சொன்னது: "மருமவ வந்த நாள்ல இருந்து நான் அடுப்படிக்குள்ள கால வைக்க மாட்டேன்னு ராயப்பருக்கு நேந்திருக்கேன், ஞானப்பூ."

ராயப்பர் எங்கள் கோவில் புனிதர், நேர்ச்சை நல்லதுதான். அது நிறைவேற வேண்டுமானால் அடுப்படிக்குள் யாராவது முழுநாளும் நிற்க வேண்டும். கணக்கு நேராக வருகிறது.

மே 25, ஞாயிறு

மே மாத வணக்கச் சுற்றுப்பிரகாரம். மணிக்கூண்டு அறையில் மாதா சுரூபத்துக்குப் பூ வைப்பது என் முறை. கொண்டுபோனேன். உறுமலோடாவது இன்று ஒரு நாள் பேசட்டும் என்று பெட்டியைப் போட்டிருந்தார்கள். அண்ணாச்சி வலைக்குள் குனிந்து, "சிவப்பு தெரியட்டும், சிவப்பு தெரியட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மைனி.

அந்த அரை நிமிடம் அவர்களுக்கு எப்போதும் உள்ளதுதான். சுவிட்சைப் போட்டு, சிவப்பு தெரிகிறவரை புருசனும் பெண்சாதியும் மனம்விட்டுப் பேசுவார்கள். சிவப்பு தெரிந்ததும் அண்ணாச்சி தொண்டையைச் செருமி, "அன்பார்ந்த இறைமக்களே" என்பார். உண்மை முதலில், அறிவிப்பு பிறகு.

வாசலில் நின்றேன். காதில் ஜெனோவா பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு விழுந்ததை எழுதினால் அது புறணி. புறணி பாவம். எழுதவில்லை.

பூவை வெளியே படியில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் இவரிடம் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். புருசனிடம் சொல்வது புறணியில் சேராது. இவர், "ஒனக்குக் காதுல ஏதோ கோளாறு. ரெமிஜியூஸ் அம்பது வருசச் சிநேகிதன். அவன் வாக்குன்னா வாக்கு. இத எங்கயும் போய் உளறி வைக்காத, பிள்ள கல்யாணம்" என்றார்.

உளறவில்லை. செபமாலை மூன்று கூடுதல்.

மே 26, திங்கள்

பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையை அது எடுத்துக்கொண்டது. நாங்கள் தரையில் சாப்பிட்டோம்.

மே 29, வியாழன்

வால்வை எடுத்துவிட்டு டிரான்சிஸ்டர் வைப்பது என்றால் நான் ஏதோ பல்பு மாற்றுவது போல என்று நினைத்தேன். அப்படி இல்லை. செத்த வால்வைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டிக் கண்ணாடியை உடைக்க வேண்டும். கால்கள் உள்ள கறுப்பு அடிக்கட்டை மிச்சமாகும். அதற்குள் டிரான்சிஸ்டரை வைத்துப் பற்றவைத்து, பழைய குழியிலேயே செருக வேண்டும். பெட்டிக்குத் தன் பழைய ஆள்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைப்பு.

எல்லா வால்வையும் உடைத்தாகிவிட்டது. நன்றாக இருந்த இரண்டையும் சேர்த்து. "அது எதுக்கு?" என்றேன். "பாதி பாதியா வச்சா ஒத்துக்காது" என்றார். கண்ணாடியைக் காகிதத்தில் பொதிந்து கட்டிக் குப்பையில் போட்டேன்.

பெரிய டிரான்சிஸ்டர்கள் சூட்டைக் கொட்ட அலுமினியத் தகடு வேண்டுமாம். என் இட்லித் தட்டில் ஒன்று போயிற்று. ஓர் ஈடுக்கு நாலு இட்லி குறைவு.

மே 31, சனி

சுவிட்சைப் போட்டார். துப்பாக்கி சுட்டது போல ஒரு சத்தம். பெட்டிக்குள் இருந்து வெள்ளைக் காகிதத் துணுக்குகள் பறந்து பருப்புக் குழம்பில் விழுந்தன. நாற்றம் சொல்லி முடியாது. இவருடைய இடது புருவம் பாதி இல்லை.

ஜெனோவா தூக்கத்தில் இருந்து எழுந்து ஓடிவந்து, வேலை ஞாபகத்தில், "பேரு? வயசு? மூச்சு விட முடியுதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லட்டி. கெப்பாசிட்டர் வெடிச்சிட்டு. வால்வுன்னா மெதுவா சூடேறி, மெதுவாத்தான் கரண்ட உள்ள விடும். இது ஒரே மூச்சுல மொத்தத்தயும் விட்டுருச்சி. பழைய கெப்பாசிட்டரு தாங்கல."

"அப்பா, உங்களுக்கு அது முன்னாலேயே தெரியுமா, இப்பத்தான் தெரியுமா?"

"இப்பத் தெரியும்" என்றார்.

குழம்பைக் கொட்டிவிட்டேன். சோற்றுக்கு ஊறுகாய்.

ஜூன் 4, புதன்

பெட்டி பேசிவிட்டது. உறுமல் இல்லை, இரைச்சல் இல்லை. இவர் சுவிட்சில் கையை வைத்தபோது நான் அடுப்படியில் இருந்து, "கேஸ் தீரப்போவுது, கேட்டியளா?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கூடத்துக் குழாயில் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. தெருவில் போன மீன்காரி, "கேட்டுது கேட்டுது" என்றாள்.

அரை நிமிடம் எல்லாம் இல்லை. சுவிட்ச் போட்டால் பேச்சுதான்.

இவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பிறகு வலைக்குள் குனிந்து பார்த்தார், முகம் மாறிற்று. "ஏட்டி, சிவப்பு தெரியாதே. இது என்னைக்கும் தெரியாது. எல்லாரும் சிவப்பப் பாத்துத்தானே பேசுவாவ?" யோசித்துவிட்டு, வலைக்குப் பின்னால் இரண்டு சின்னச் சிவப்பு பல்பு வைத்து, அவை மெதுவாக எரிகிற மாதிரியும், அவை எரிந்த பிறகே பெட்டி பேசுகிற மாதிரியும் செய்துவிடலாம் என்றார். அதற்கான சாமான்களை எழுதிக் கொடுத்தார். நாளை நான் கல்யாணச் சட்டை தைக்கக் கொடுக்கத் தூத்துக்குடி போகிறேன்.

ஜூன் 5, வியாழன்

சட்டைத்துணி கொடுத்தாயிற்று. நூல், ஊக்கு, மெழுகுவர்த்தி, கற்பூர வாழைக்கன்று, பித்தளை பாலிஷ் எல்லாம் வாங்கினேன். இவர் எழுதிக் கொடுத்ததை வாங்கவில்லை.

பேருந்தில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்ததில் அது சரியல்ல என்று பட்டது. சூடேறாத பெட்டிக்குள் சூடேறியது போல விளக்கு வைப்பது என்ன? பொய். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பது எட்டாம் கட்டளை. கோவில் பெட்டிக்கு அது பொருந்தாது என்று யாரும் சொல்லவில்லை. இவரிடம் இதைச் சொன்னேன்.

"பல்புதானட்டி?"

"கோவில்ல பொய் வெளிச்சம் ஆவாதுங்க. பிள்ள கல்யாணத்த வச்சிக்கிட்டு."

இவர் கரண்டுக்குப் பயப்பட மாட்டார், கட்டளைக்குப் பயப்படுவார். "சரி, அப்போ வாயால சொல்லிருவோம்" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

முதலாம் ஓலை. சாமி பீடத்தில் நின்று வாசித்தார்: இன்னாருடைய மகன் லிகோரிக்கும் இன்னாருடைய மகள் ஜெனோவாவுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இவர்களுக்குள் விக்கினம் ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். இது முதலாம் ஓலை.

எனக்கு இருமல் வந்தது. இவர் முழங்கையால் இடித்தார்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாம் ஓலை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும்.

ஜூன் 18, புதன்

நாளை கொடியேற்றம். பெட்டியை மணிக்கூண்டு அறையில் வைத்தாயிற்று. சாமியும் இன்னாசியும் வந்து பார்த்தார்கள். ரெமிஜியூஸ் அண்ணாச்சியைக் கூப்பிட்டு அனுப்பியதற்குக் கீழே இருந்து சத்தம் வந்தது: "பெட்டிய எனக்கு ஒருத்தன் சொல்லித் தரணுமாக்கும்? நான் முப்பது வருசமா பேசுதேன்."

இவர் சாமிக்கு விளக்கினார், சிவப்பு பல்பு வைக்க நினைத்து நான் தடுத்ததையும் சேர்த்து. சிவப்பு தெரியாது, காத்திருக்க வேண்டாம், போட்டதும் பேசும். சாமி, "நல்லதுதான். சுவர்க்கத்துக்கும் இப்படி ஒரு சுவிட்ச் இருந்தா என் வேல கொறையும்" என்றார்.

இன்னாசி, "அண்ணாச்சிகிட்ட நான் சொல்லிருதேன்" என்றார்.

"ஒங்களுக்கு ஆயிரம் வேல கெடக்கு இன்னாசியண்ணே. எங்களுக்குச் சம்மந்தி வீடு, நாங்களே சொல்லிக்கிடுதோம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து வாசல் கழுவி, வெள்ளையடித்த சுவரில் விடுபட்ட இடம் பார்த்து, நாளைக்கு உளுந்து ஊறப்போட்டு, ஒன்பது மணிக்குள் படுத்தாகிவிட்டது. சம்மந்தி வீட்டுப் பக்கம் போக நேரம் வாய்க்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். ஊர் முழுக்கக் கேட்டதை எழுதுவது புறணியில் சேராது.

ஐந்து மணிக்குக் கடற்கரை நிறைந்துவிட்டது. கொடிமரத்தடியில் பங்குச்சாமி வெள்ளை அங்கியோடு கயிற்றைப் பிடித்து நின்றார். பந்தலோரம் அவசரத்துக்கென்று ஜெனோவாவின் ஆம்புலன்ஸ். அவள் சீருடையோடு பின்கதவுப் படியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சியும் லிகோரியும் மணிக்கூண்டுக்குப் படி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

விக்டோரியா மைனி புதுப் பட்டில் வந்தார்கள். வந்தவர்களிடம் நல்ல செய்தி சொல்வது வழக்கம். "மைனி, கேட்டியளா? வார மாசத்துல இருந்து ஜெனோவாவுக்கு ராத்திரி டூட்டியாம்" என்றேன். பொய் இல்லை, அவள் முறை அப்படித்தான் வருகிறது.

மைனி பட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கூண்டைப் பார்த்து நடந்தார்கள். நான் மணலில் முழந்தாளிட்டுச் செபமாலையை எடுத்தேன்.

குழாயில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு அண்ணாச்சி குரல், ஊர் முழுக்க:

"என்னலே இது, சிவப்பே தெரியல? கஸ்பாரு பெட்டியக் கெடுத்துட்டானா?"

லிகோரி: "சூடேறட்டும்பா."

"எங்க ஏறும்? மில்லுல பியூசு மாத்திக்கிட்டு அலைஞ்சவன். செல்போன்ல படம் பாத்துட்டு ரிப்பேர் பண்ணுதானாம். சிநேகிதமாச்சேன்னு விட்டேன்."

எங்கள் வீட்டுக்காரர் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் மெதுவாக வாயை மூடிற்று. பிறகு செருப்புச் சத்தம், மைனியின் மூச்சிரைப்பு.

"ஏங்க, கேட்டியளா? ஒங்க மருமவளுக்கு ராத்திரி டூட்டியாம். அவ அம்மை பல்லக் காட்டிக்கிட்டுச் சொல்லுதா."

"போட்டுக்கிடட்டும். எத்தன நாளைக்கி? மூணாம் ஓலை வாசிச்சி, தாலி ஏறுன மறுநாளே நானே லெட்டர் எழுதிருவேன், வேலைய விட்டாச்சின்னு. அவ கையெழுத்த மட்டும் போட்டாப் போதும்."

"சாமி முன்னால நிறுத்த மாட்டோம்னு சொன்னியளே?"

"சாமி முன்னால நூறு சொல்லுவோம். மன்னிக்கத்தான அவரு இருக்காரு? நீ அந்தச் சிவப்பப் பாரு."

"தெரியல."

"அந்தச் சாமி வேற. கொடி ஏத்த முன்ன முக்கா மணி நேரம் பேசுவாரு. பேசினா கொடி தானா ஏறிருமுன்னு நெனைப்பு."

கொடிமரத்தடியில் சாமி கயிற்றைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு வலைக்காரர் வரிசை முழுவதும்.

"வெளிய என்னலே சத்தம்?"

"பக்தியில இருக்காவ" என்றார்கள் மைனி.

இன்னாசி அப்போதுதான் சுதாரித்து மணிக்கூண்டைப் பார்த்து ஓடினார். என்னைத் தாண்டும்போது, "இன்னாசியண்ணே, செருப்போடயா கோவில் படி ஏறப் போறிய?" என்றேன். பாவம், நின்று கழற்றினார். வார் வேறு இறுக்கம். நானே ஓடியிருக்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் செபமாலையில் மூன்றாம் தேவரகசியத்தில் இருந்தேன். நடுவில் எழுவது மாதாவுக்கு மரியாதை இல்லை.

குழாயில் அண்ணாச்சி: "லே லிகோரி, கேட்டுக்கிட்டியா? கல்யாணம் முடியிற வரைக்கும் அந்தப் பிள்ளகிட்ட இதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது."

"சரிப்பா" என்றது குழாய்.

ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டிமேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். ஜெனோவாவும் அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணில் தண்ணீர் வர. இந்த "சரிப்பா" வந்ததும் நிறுத்திவிட்டாள். எழுந்து வண்டிக்குள் போய், ஏற்கெனவே அடுக்கியிருந்த பஞ்சு, கட்டுத்துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தாள்.

"சரி, சிவப்பு வராட்டாப் போவட்டும், பேசித்தான் பாப்போமே" என்றார் அண்ணாச்சி. தொண்டையைச் செருமினார். குரல் பட்டு வேட்டி கட்டிக்கொண்டது. "அன்பார்ந்த இறைமக்களே!"

கடற்கரையே கைதட்டிற்று.

கொடி ஏறிற்று. சாமி ஒரு வார்த்தையும் பேசவில்லை. செபமாலை ஐந்து தேவரகசியமும் முழுதாக முடித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

மீன் இல்லை. கத்தரிக்காய்.

காலையில் அவசரப் பேரவை. இந்த முறை காப்பி கேட்காமலே கொண்டுபோனேன். அண்ணாச்சி இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"இது டிரான்சிஸ்டர் பண்ணுன வேல சாமி. வால்வு இருந்தா இப்படி வராது. மரியாதப்பட்ட வால்வு. எது பேசணும், எது பேசக் கூடாதுன்னு அதுக்குத் தெரியும். ஒடனே பழைய வால்வ மாட்டச் சொல்லணும்."

"வால்வு எல்லாம் ஒடச்சாச்சி" என்றார் இவர்.

"ஒடச்சதா?"

"அடிக்கட்டைதான் இருக்கு."

"அப்போ நான் சொன்னது வேற, பெட்டி சொன்னது வேறன்னு தீர்மானம் போடணும்."

சாமி காப்பியை மெதுவாகக் குடித்தார். "பெட்டி சொந்தமாப் பேசுதுன்னா அண்ணாச்சி, பிரசங்கத்துக்கு அதயே வச்சிக்கிடுவோம். முக்கா மணி நேரம் ஆவாது." பிறகு சிரிப்பை நிறுத்தி எங்களைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழம மூணாம் ஓலை. விக்கினம் தெரிஞ்சவங்க சொல்லணும்னு கேப்பேன். ஊருக்கே தெரிஞ்ச பெறவு நான் சும்மா வாசிக்க முடியாது. வாசிக்கவா, நிறுத்தவா? பொண்ணு வீட்டுல சனிக்கிழம சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க."

இவர் பெரிய தெருவை விட்டுச் சந்து வழியாக நடந்தார். வீட்டுக்கு வந்ததும், "பியூசு மாத்திக்கிட்டு அலைஞ்சவன்னு சொல்லிட்டானே ஞானப்பூ" என்றார். மகளைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. தன்னைப் பற்றிச் சொன்னது நெஞ்சில் விழுந்திருக்கிறது. எப்படியோ, விழுந்தது. "நீ அன்னைக்கிச் சொன்னது" என்று ஆரம்பித்தார். "சாப்பிடுங்க, ஆறுது" என்றேன்.

கல்யாணத்தை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று எனக்கு. இவருக்கும். ஜெனோவாவிடம் சொன்னோம். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவிய அப்பா எண்ணம் எனக்கு நிச்சயத்தன்னைக்கே தெரியும்மா. வண்டியில ஏறுறவன் நெசமா வலியில கத்துதானா நடிக்கானான்னு பாக்குறதுதான என் வேல."

"தெரிஞ்சா எதுக்குட்டி தலைய ஆட்டுன?"

"லிகோரி அப்படி இல்லம்மா. தனியாப் பேசும்போது வேற மாதிரி. ராத்திரி டூட்டி முடிஞ்சி வந்தா நான் காப்பி போட்டுத் தாரேன், நீ படுத்துத் தூங்குன்னான். நான் கேக்காமலே சொன்னான்."

ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"குழாயில வந்ததும் அவன் குரல்தாம்மா. ரெண்டுல எது அவன்னு எனக்குத் தெரியணும்."

நான் நினைத்தது வேறு. பெரியவர்கள் முகத்திரை கிழிந்தால் காரியம் முடிந்துவிடும், மகள் தப்பித்துவிடுவாள், இவ்வளவுதான் கணக்கு. மகளுக்கு அந்தப் பையன்மேல் இப்படி ஒரு பிடிப்பு இருக்கும் என்பது கணக்கில் இல்லை. நான் கணக்கே போடவில்லை, அது வேறு விசயம்.

ஜூன் 21, சனி

காலையில் பாவசங்கீர்த்தனம். பொறாமை, கோபம், மீன்காரியிடம் கடுஞ்சொல், பூசையில் பராக்கு. சொல்லி முடித்தேன்.

கூண்டுக்குள் இருந்து சாமி, "வேற?" என்றார்.

"வேற இல்ல சாமி."

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. சிவப்பு, பல்பு, அப்படி ஏதாவது?"

"இல்ல சாமி. எட்டாம் கட்டளைய மீறி நான் ஒண்ணும் வாங்கல."

சாமிக்கு வெகுநேரம் இருமல். பிறகு தண்டனையாக ஒரு முழுச் செபமாலை கொடுத்தார். மீன்காரிக்கு இவ்வளவு கொடுத்து நான் பார்த்ததில்லை.

வரும் வழியில் பெட்டிக்கடையில் ரெமிஜியூஸ் அண்ணாச்சி. என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டார். கடைக்காரன் அவரிடம், "அண்ணாச்சி, சிவப்பு தெரிஞ்சிட்டா?" என்றான். சின்னப் பிள்ளைகள்வரை இதுதான் பேச்சு. திருவிழா முடிகிறவரை அறிவிப்பை இன்னாசி செய்கிறாராம். சுவிட்சைப் போடும் முன் ஒரு தடவை வாயில் கையை வைத்துக்கொள்கிறாராம்.

லிகோரி நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று இன்னாசி சொன்னார். வீட்டில் உட்கார்ந்து அழுதான் என்றால் ஒரு மாதிரி, வேலைக்குப் போனான் என்றால் இன்னொரு மாதிரி. எதற்கும் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

இவர் நேரில் போய்க் கேட்கிறேன் என்றார். போனால் சிநேகிதனைப் பார்ப்பார், பையனைப் பார்க்க மாட்டார். ஜெனோவா செல்போனில் கேட்க மாட்டேன் என்கிறாள். "அப்பா பக்கத்துல இருந்தா ஒண்ணு சொல்லுவான், இல்லாட்டா ஒண்ணு சொல்லுவான்." ஆகவே நானே எழுதினேன். ஜெனோவா படித்துவிட்டு ஒரே ஒரு வார்த்தையை அடித்தாள். 'தயவுசெய்து' என்பதை. இன்னாசி கையில் ஐஸ் கம்பெனிக்குக் கொடுத்து அனுப்பியாயிற்று. எழுதியது இது:

தம்பி லிகோரிக்கு, ஜெனோவா அம்மா எழுதுவது. வியாழக்கிழமை கேட்டதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. உன் அப்பா அம்மாவை மன்னிப்புக் கேட்கவும் சொல்லவில்லை. ஜெனோவா வேலையை விடமாட்டாள். இரவு வேலையும் சேர்த்துத்தான். கல்யாணத்துக்குப் பிறகு வருகிற எந்தக் காகிதத்திலும் அவள் கையெழுத்துப் போடமாட்டாள். இது உனக்குச் சம்மதமா, இல்லையா என்பதை நீயே சொல்ல வேண்டும். எங்களிடம் அல்ல, எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஜெனோவாவிடம், உன் அப்பாவையும் வைத்துக்கொண்டு. அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றால் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்வோம். இல்லை என்றாலும் கோபம் இல்லை, வந்து சொல். சாமிக்கு இன்று சாயங்காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சீக்கிரம் பதில் சொல்லவும்.